கலக்கும் முன்

சூழலுக்கு இணக்கமாக வீட்டில் வாழ்வது எப்படி என்று கேட்டால் நமக்குக் கிடைப்பது ஒரு பட்டியல். எல்இடி விளக்கு, துணிப்பை, மூங்கில் பிரஷ், குழாயை இறுக மூடுவது, ஆள் இல்லாத அறையில் மின்விசிறியை நிறுத்துவது, மாடியில் நாலு தொட்டிச் செடி. இவற்றில் எதையும் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே எடையில் வைத்துவிடுகிறது. எது வசதியோ அதைச் செய்துவிட்டு, என் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிட அது இடம் கொடுக்கிறது. ஆகவே பட்டியலை வரிசைப்படுத்த ஓர் அளவுகோல் தேவை. வீட்டில் செய்யத் தவறினால் பிறகு வேறு யாராலும், எத்தனை கோடி கொட்டினாலும், ஈடுகட்ட முடியாத காரியம் எது என்று கேட்டுப் பார்க்கலாம். குண்டு பல்பு எரியும் வீடு கூடுதல் யூனிட் செலவழிக்கிறது. அந்தத் தவற்றை மின்சாரம் பிறக்கும் இடத்தில் ஓரளவு சரிசெய்யலாம், கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகளைப் பெருக்கினால் அதே யூனிட்டின் கரிச்சுமை குறையும். பிளாஸ்டிக் பையைக் கடையிலேயே தடுக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது அப்படித்தான். ஆனால் மீந்த சோறும் மாத்திரை அட்டையும் ஒரே வாளியில் விழுந்து ஓர் இரவு ஊறிவிட்டால், அவற்றைப் பழைய நிலைக்குப் பிரித்தெடுக்க ஆளும் இல்லை, எந்திரமும் இல்லை. மக்கும் குப்பையை மக்காத குப்பையோடு கலக்கவிடாமல் வைத்திருப்பதும், முடிந்தவரை அதை வீட்டு எல்லைக்குள்ளேயே உரமாக்கிவிடுவதும்தான் வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலிடம் பெறவேண்டியவை என்பது என் வாதம்.

தனித்தனியே எடுத்துப் பார்த்தால் நம் வீட்டுக் குப்பைத்தொட்டியில் குப்பை என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. வெங்காயச் சருகு, கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூள் சக்கை, வாழைப்பழத் தோல் எல்லாம் இரண்டு மாதத்தில் உரமாகக்கூடியவை. செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், எண்ணெய் டின் எல்லாவற்றுக்கும் பழைய பேப்பர் கடையில் கிலோவுக்கு ஒரு விலை உண்டு. இரண்டும் சேர்ந்த மறுகணம் இரண்டுமே கெட்டுப்போகின்றன. சாம்பார் ஊறிய செய்தித்தாளை யாரும் எடைக்கு வாங்கமாட்டார்கள். கண்ணாடிச் சில்லும் பேட்டரியும் கிடந்த காய்கறிக் கழிவை எந்த உழவரும் வயலில் கொட்டமாட்டார். ஒரு பால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். அலசிக் கவிழ்த்துக் காயவைத்தால் அது மறுசுழற்சிக்கு உகந்த நல்ல பாலித்தீன். உள்ளே பால் தங்கிப் புளித்தால் அதைத் தொடக்கூட ஆள் வராது. கவரின் மூலையைக் கத்தரித்தவுடன் கையில் நிற்கும் அந்தச் சின்ன முக்கோணத் துண்டு பெரும்பாலும் காய்கறித் தோலோடு போய்விடுகிறது. அது சல்லடைக்குத் தப்பி உரத்தோடு மண்ணுக்குச் சென்று, வெயிலில் நொறுங்கி நுண்துகளாக அங்கேயே தங்கிவிடும். மூலையை முழுக்க அறுக்காமல் கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினால் போதும், அந்தத் துண்டு கவரோடு சேர்ந்தே கடைக்குப் போகும். இதற்குப் பணச்செலவு இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. வெட்டும் கை கொஞ்சம் முன்னதாக நின்றால் சரி.

கலந்தது எங்கே போகிறது என்பதைப் பார்த்தால்தான் இந்தச் சின்னக் கவனத்தின் மதிப்பு தெரியும். சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை கொட்டும் நகரம். இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி, பல ஊர்களில் பாதிக்கும் மேல், மக்கக்கூடியது. பல பத்தாண்டுகளாக வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்கும் தென்சென்னையின் குப்பை பெருங்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. பெருங்குடிக் கிடங்கு தரிசு நிலத்தில் எழுந்ததன்று. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தின்றுதான் அது வளர்ந்தது. மலையாகக் குவிந்த குப்பையின் உட்பகுதிக்குக் காற்று எட்டாது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் உணவுக் கழிவைத் தின்று வெளியிடும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீத்தேன். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கரியமில வாயுவைப்போல் சுமார் எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அதே வாயுதான் கோடையில் கிடங்குகள் பற்றி எரியவும் காரணமாகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி எரிந்தது. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்தபோது கொச்சி நகரமே நாள்கணக்கில் புகைக்குள் கிடந்தது. மழைக்காலத்தில் அழுகலிலிருந்து வடியும் கருஞ்சாறு, கூடவே கிடக்கும் பேட்டரி, பெயின்ட், மருந்து ஆகியவற்றின் நஞ்சையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் இறங்குகிறது. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து அதன் அடியில் இருந்த குடியிருப்பை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீத்தேனையும் சாற்றையும் உருவாக்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் இல்லை. நாம் தீங்கற்றது என்று நினைக்கும் சோறும் தோலும்தான். மண்ணில் காற்றோட்டமாக மக்கியிருந்தால் எருவாகியிருக்க வேண்டிய பொருள், மலைக்கடியில் புதைந்ததால் கேடாகிறது.

இந்த இடத்தில் தொழில்நுட்பத்தை நம்புகிறவர்கள் குறுக்கிடுவார்கள். நவீன உலையில் எரித்து மின்சாரம் எடுக்கலாமே, பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கலாமே என்பார்கள். இரண்டுக்கும் நம் நாட்டிலேயே அனுபவம் இருக்கிறது. டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஓர் உலை கட்டினார்கள். அது சில வாரங்கள்கூட உருப்படியாக ஓடவில்லை. உலைக்குத் தேவைப்பட்ட வெப்ப மதிப்பில் பாதிகூட அந்தக் குப்பையில் இல்லை என்பதுதான் காரணம். ஈரமும் மண்ணும் நிறைந்த குப்பையைக் கொளுத்தினால் வெப்பத்தின் பெரும்பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். பிறகு வந்த உலைகள் தேர்ந்த எந்திரங்கள்தாம், ஆனாலும் அவற்றுக்கும் உலர்ந்த, பிரித்த குப்பைதான் வேண்டும். கலப்படக் குப்பையைக் குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரித்தால் டையாக்சின் போன்ற நஞ்சுகள் புகையில் கலக்கின்றன. அந்தப் புகையை உலையைச் சுற்றி வாழும் ஏழைக் குடியிருப்புகள் சுவாசிக்கின்றன. பயோமைனிங் என்னும் சலித்தெடுக்கும் முறையால் பழைய மேடுகள் கரைகின்றன, நிலம் மீள்கிறது. அது செய்யவேண்டிய வேலைதான். ஆனால் சலிக்கும்போது கிடைப்பது என்ன? சிமெண்ட் ஆலைகளில் எரிப்பதற்கு மட்டும் உதவும் அழுக்குப் பிளாஸ்டிக், கல், எதில் எவ்வளவு நஞ்சு என்று சோதிக்காமல் வயலுக்கு அனுப்ப முடியாத மண். காய்கறித் தோலாக இருந்தபோது ஒரு தொட்டிச் செடிக்கு நேரே போட்டிருக்கக்கூடிய பொருள், கோடிகள் செலவழித்த பின்னும் அந்தத் தரத்தை எட்டுவதில்லை. கலக்கும் முன் ஒரு நொடியில் செய்யக்கூடிய வேலையைக் கலந்த பின் எந்தச் செலவிலும் முழுமையாகச் செய்ய முடிவதில்லை என்பதே இந்த அனுபவங்களின் சாரம்.

வீட்டில் செய்யும் வழி புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. கொல்லையில் எருக்குழி இருந்த காலம் நம் ஊர்களில் வெகுதூரத்தில் இல்லை. சாணமும் சாம்பலும் சருகும் காய்கறிக் கழிவும் அதில் சேர்ந்து, மழைக்கு முன் வயலுக்குப் போயின. இந்திய, சீன உழவர்களின் இத்தகைய வழக்கங்களை ஆராய்ந்துதான் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தோரில் 1920களில் தம் உர முறையை வகுத்தார். உலகெங்கும் இயற்கை வேளாண்மை பேசுகிறவர்கள் இன்றும் அதை இந்தோர் முறை என்றே அழைக்கிறார்கள். குழி தோண்ட இடமில்லாத நகர வீட்டுக்கு, பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு வாளிகளோ மண்தொட்டிகளோ போதும். நாலு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஈரக் கழிவு சேரும். அதைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, மேலே அதே அளவுக்கோ கூடுதலாகவோ காய்ந்த இலை, தென்னைநார்த் தூள், மரத்தூள் ஏதேனும் ஒன்றால் மூடவேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். வாரத்துக்கு இரண்டு முறை கிளறினால் காற்று உள்ளே போகும். இதில் கற்கவேண்டிய நுட்பம் ஒன்றே: ஈரத்துக்கும் உலர்வுக்கும் உள்ள விகிதம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, காற்று போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு போட்டுக் கிளறினால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். எதுவும் நடக்காமல் அப்படியே காய்ந்து கிடந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவேண்டும். முதல் வாளி நிறைந்ததும் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவதில் மழை நனைத்த மண்ணின் வாசனையோடு கறுப்பாக, பொலபொலவென்று உரம் தயாராகியிருக்கும்.

முதல் மறுப்பு எல்லோர் வாயிலும் இருப்பது. நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம், குப்பை வண்டியில் எல்லாம் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்பது. பல ஊர்களில் இது உண்மை. ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் பணம் கொடுக்கும் முறை நிலவும் இடங்களில் எடை கூடக் கூட வருமானம் கூடும்; ஈரம்தான் எடையைக் கூட்டுகிறது. அங்கே பிரித்தெடுப்பதால் நட்டப்படுகிறவர் அவர்தான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீடுகள் மக்கும் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தரவேண்டும் என்றதோடு, உள்ளாட்சிகள் அதைப் பிரித்தபடியே கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னன. முதல் பாதியை மட்டும் சுவரொட்டியில் அடித்துவிட்டு இரண்டாம் பாதியை மறந்துபோன உள்ளாட்சிகள் ஏராளம். இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து பிரிக்காமல் விடுவதுதான் வழி என்ற முடிவு வராது. மக்கும் குப்பை வீட்டை விட்டு வெளியேறவே இல்லை என்றால், வண்டியில் ஈரமும் உலர்வும் கலக்க வழியே இருக்காது. வெளியே போவது உலர்ந்த பொருள் மட்டும். அதை ஒன்றாகக் கொட்டினாலும் அழுகாது, நாறாது, மறுபடி பிரித்தெடுக்கலாம். வண்டியின் ஒழுங்கை நம்பியிருக்காத ஒரே வழி இதுதான். அதனால்தான் பிரிப்பதோடு நிறுத்தாமல் வீட்டிலேயே உரமாக்குவதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இடம் பற்றியது. ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்திடம் உர வாளி வை என்று சொல்வது கொடுமை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். வீட்டு எல்லை என்று நான் சொல்வது அந்த அறையோடு முடிவதில்லை. அடுக்ககத்துக்கு அதன் வளாகமே எல்லை, நெரிசலான குடியிருப்புக்கு அதன் தெருவே எல்லை. ஆலப்புழையில் நடந்தது இதற்கு நல்ல சான்று. நகரத்தின் குப்பையைத் தம் ஊரில் கொட்டக்கூடாது என்று சர்வோதயபுரம் மக்கள் வண்டிகளை மறித்த பின், கொட்ட இடமில்லாமல் தெருக்கள் நாறின. புதிய கிடங்கு தேடுவதை விட்டுவிட்டு 2012 முதல் அந்த நகரம் வேறு பாதையில் போனது. இடமுள்ள வீடுகளுக்குச் உயிரி எரிவாயுக் கலனும் குழாய் உரத்தொட்டியும் மானியத்தில் கொடுத்தார்கள். இடமில்லாதவர்களுக்காக வட்டாரங்களில் காற்றோட்டமான உரக்கூடங்கள் கட்டினார்கள். முன்பு குப்பை குவிந்து கிடந்த மூலைகளிலேயே இவற்றில் சில எழுந்தன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் குப்பை மேலாண்மைக்கு முன்னுதாரணமாகக் காட்டிய ஐந்து நகரங்களில் ஒசாகாவோடும் லியுப்லியானாவோடும் ஆலப்புழையும் ஒன்று. அங்கே எல்லாம் குறையின்றி நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் வெப்பமும் மழையும் நெரிசலும் நம்மைப் போலவே உள்ள ஓர் ஊரில் குப்பையை அது பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே முடிக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. தமிழ்நாட்டு நகரங்களிலும் வட்டார அளவிலான நுண் உர மையங்கள் வந்திருக்கின்றன. அவை தள்ளாடும் இடங்களில் காரணம் கேட்டால், பெரும்பாலும் வந்துசேரும் குப்பை கலந்து வருகிறது என்பதே பதிலாக இருக்கும்.

மூன்றாவது மறுப்பை நான் மற்றவற்றைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் சூழல் காக்கும் வேலை என்று எதைச் சேர்த்தாலும் அது பெண் தலையில்தான் விழுகிறது. சமைப்பவளே நறுக்கி, பிரித்து, கிளறி, மூடிவைக்க வேண்டும் என்றால், பசுமை வாழ்வு என்பது கூலியில்லாத இன்னொரு அரைமணி வேலை. இந்த மறுப்புக்கு ஒரே நேர்மையான பதில், வேலையைப் பங்கிடுவதுதான். உர வாளியும் உலர் குப்பையும் வீட்டு ஆண்களின் பொறுப்பாகட்டும். சமையல் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க இதில் இடமில்லை. அதே சமயம், வீட்டில் பிரிக்காவிட்டால் அந்த வேலை மறைந்துபோவதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். அது வேறொருவர் கைக்கு மாறுகிறது. அழுகிய சோற்றுக்குள் கைவிட்டு பாட்டிலை உருவுகிறவர் தூய்மைப் பணியாளர். அவர் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார், என்ன ஊதியம் பெறுகிறார், கையுறை கிடைக்கிறதா என்பதெல்லாம் நமக்குத் தெரியாத செய்தி இல்லை. பயன்படுத்திய நாப்கினும் டயப்பரும் காகிதத்தில் பொதியாமல் சோற்றோடு கிடக்கும் பையை அவிழ்ப்பவர் அவர்தான். உடைந்த கண்ணாடியும் ஊசியும் அவர் கையைத்தான் கிழிக்கின்றன. நம் அழுக்கை நம் கையால் தொட மறுப்பதும், அதைத் தொடுவதற்கென்றே சில மனிதர்களை வைத்திருப்பதும் இந்தச் சமூகத்தின் மிகப் பழைய நோய். வீட்டில் பிரிப்பதால் அந்த நோய் தீர்ந்துவிடாது. என்றாலும் அதில் நம் பங்கை இன்றே நிறுத்திக்கொள்ளலாம். சூழலுக்காக என்ற காரணம் போதாதவருக்கு இது ஒன்றே போதுமான காரணம் ஆகவேண்டும்.

கடைசி மறுப்பு அரசியல் தெரிந்தவர்களிடமிருந்து வருவது. நிலக்கரியை எரிப்பதும் கோடிக்கணக்கில் சாஷே அடிப்பதும் பெரிய நிறுவனங்கள். பழியைத் தனிமனிதனின் சமையலறைக்குத் தள்ளிவிடுவது அவர்களைத் தப்பவைக்கும் தந்திரம் என்பார்கள். மூங்கில் பிரஷ் வகை அறிவுரைகளைப் பொறுத்தவரை நான் இதை ஏறக்குறைய முழுதும் ஏற்கிறேன். ஆனால் ஈரத்தைப் பிரிப்பது வேறு வகை. மக்கும் குப்பை நீங்கிய உலர் பையை ஒரு மாதம் சேர்த்துவைத்து, தரையில் கொட்டிப் பார்க்கலாம். பேப்பரும் பாட்டிலும் டின்னும் கடைக்குப் போனபின் யாரும் வாங்காத ஒரு குவியல் மிஞ்சும்: ஷாம்பு சாஷே, சிப்ஸ் பொட்டலம், பிஸ்கட் உறை, மசாலா பாக்கெட். பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த இவற்றை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். ஒவ்வொன்றிலும் செய்தவரின் பெயர் பளிச்சென்று இருக்கும். 2016இன் பிளாஸ்டிக் கழிவு விதிகளே இத்தகைய உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. கலந்து அழுகிய குப்பையில் அந்தப் பெயர்கள் தெரிவதில்லை, எல்லாமே நம் குப்பையாகிவிடுகிறது. கலப்படத்தால் அதிகம் ஆதாயம் அடைகிறவர்கள், தம் பொருள் அதில் காணாமல் போவதை விரும்பும் அந்த உற்பத்தியாளர்கள்தான். பிரித்தல் அவர்களைத் தப்பவைக்காது. அவர்களுக்கு எதிரான சாட்சியத்தைச் சுத்தமாக எடுத்துவைக்கும்.

ஆகவே வீட்டில் செய்யும் இந்தக் காரியத்தைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஒரு வீடு ஆண்டுக்கு முன்னூறு கிலோவுக்கு மேற்பட்ட ஈரக் கழிவைத் தன் எல்லைக்குள் உரமாக்கினால் பெருங்குடி ஒரே நாளில் கரைந்துவிடாது. ஆனால் ஒரு தெரு அப்படிச் செய்தால் அந்தத் தெருவுக்கு வரும் வண்டியின் அளவும் முறையும் மாறியாக வேண்டும். ஒரு வார்டு அப்படிச் செய்தால் டன் கணக்கில் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்துக்குப் பொருளில்லாமல் போகும். தன் பங்கைச் செய்யாத வீட்டின் கேள்வியை அதிகாரி எளிதாகத் தட்டிக்கழிக்கலாம், நீங்களே பிரிப்பதில்லையே என்பார். பிரித்துக் காட்டிய தெருவிடம் அந்தப் பதில் செல்லாது. கிராமத்தில் கிராம சபையும் நகரத்தில் பகுதி சபையும் கூடும்போது எழுந்து நின்று கேட்கவேண்டியவை தெளிவாக உள்ளன. பிரித்த குப்பைக்குத் தனித்தனி வண்டி, எடைக்குப் பதில் பிரித்த தரத்துக்கு ஏற்ற பணம், தூய்மைப் பணியாளருக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்புக் கருவியும், இடமற்ற தெருக்களுக்கு உரக்கூடம், சாஷே அடிப்பவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறும் செலவு. வீட்டில் இரண்டு வாளிகளை வைத்துவிட்ட பிறகு இவற்றைக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் கடமை முழுதும் எதிர்த்தரப்புடையது.